வரியை எங்கே வெட்டுவது?

செய்தித் தளத்தின் முகப்பு, கைபேசி அறிவிப்பு, ஆன்லைன் கடையில் பொருளின் பெயர், மின்னஞ்சல் பட்டியலில் தெரியும் முதல் வரி என்று எங்கே பார்த்தாலும் ஒரு நீண்ட வாக்கியம் பாதியில் நின்று மூன்று புள்ளிகளோடு முடிகிறது. திரையில் இடம் குறைவு, எழுதப்பட்டதோ அதிகம். அதனால் ஏதோ ஒரு நிரல் ஓயாமல் வரிகளைச் சுருக்கிக்கொண்டே இருக்கிறது. ‘இத்தனை எழுத்துக்கு மேல் போகாதே, ஆனால் சொல்லின் நடுவே வெட்டாதே, சொல் முடியும் இடமாகப் பார்த்து வெட்டு’ என்பதுதான் அதற்கு இடப்படும் கட்டளை.

கேட்பதற்கு எளிய வேலை. நிரல் கற்கத் தொடங்கிய மாணவர்கூட நான்கு வரியில் எழுதிவிடலாம். அந்த நான்கு வரி ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஓடிவிடும், தமிழில் உடையும். இதைச் சொந்தமாக எழுதிக்கொள்வதா, நிரல்மொழியோடு வரும் ஆயத்த ஃபங்ஷனிடம் ஒப்படைப்பதா என்பது நிரலாளர்களிடையே அடிக்கடி எழும் விவாதம். தமிழில் படிப்பவர்களுக்கும் எழுதுபவர்களுக்கும் அந்த விவாதத்தில் நேரடி அக்கறை உண்டு. தவறாக வெட்டப்பட்ட வரியைக் கடைசியில் படிக்கப்போவது நாம்தான்.

ஒரு தலைப்பு, மூன்று அளவுகள்

‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் உயர்வு’ என்ற தலைப்பை எடுத்துக்கொள்வோம். இதன் நீளம் என்ன? பள்ளியில் கற்ற முறைப்படி எண்ணினால் 18 எழுத்துகள், 3 இடைவெளிகள், ஆக 21. கணினியிடம் கேட்டால் 34 என்றோ 96 என்றோ விடை வரும். மூன்றும் சரியான விடைகளே.

யூனிகோடு தமிழின் 247 எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தரவில்லை. உயிர்களுக்கும் அகரமேறிய மெய்களுக்கும் எண் உண்டு. புள்ளி, கால், கொம்பு, சுழி போன்ற குறிகளுக்குத் தனி எண் உண்டு. ‘ர்’ என்பது ரகரமும் புள்ளியுமாக இரண்டு குறியெண்கள். ‘மே’ என்பது மகரமும் ஏகாரக் குறியுமாக இரண்டு. எனவே ‘மேட்டூர்’ நமக்கு 4 எழுத்து, யூனிகோடுக்கு 8 குறியெண். இனி அந்தக் குறியெண்கள் கோப்பில் சேமிக்கப்படும் விதத்தைப் பார்க்க வேண்டும். இன்று இணையம் முழுவதும் வழங்கும் யூடிஎஃப்-8 முறையை 1992இல் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் வகுத்தார்கள். அதில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். ஆகவே ‘மேட்டூர்’ 24 பைட்.

இப்போது அந்தத் தலைப்பை ‘20இல் வெட்டு’ என்று சொல்லிப் பார்ப்போம்.

பைட்டால் எண்ணும் நிரல் 18 பைட்டில் ‘மேட்டூ’ வரை வந்துவிடும். அடுத்த ரகரத்தின் மூன்று பைட்டுகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிற்கும். பாதி எழுத்துக்கு உருவம் கிடையாது. திரையில் ‘மேட்டூ’வுக்குப் பின்னால் கருப்புச் சாய்சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி தோன்றும். பிஎச்பி மொழியின் பழைய ‘சப்ஸ்ட்ர்’ ஃபங்ஷன் இப்படித்தான் எண்ணுகிறது. தமிழ்த் தளங்களில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அந்தக் கேள்விக்குறிகளில் பல இந்த வகையில் பிறந்தவை.

குறியெண்ணால் எண்ணும் நிரல் ‘மேட்டூர் அணையின் நீர’ என்று வெட்டும். கேள்விக்குறி வராது, ஆனால் ‘நீர்’ தன் புள்ளியை இழந்து ‘நீர’ ஆகிவிட்டது. இது முந்தையதைவிடக் கெட்ட பிழை. உடைந்த எழுத்து உடைந்ததாகவே தெரிந்துவிடும். புள்ளி போன எழுத்து சரியான எழுத்தைப் போலவே உட்கார்ந்திருக்கும்.

நம்மைப் போல எழுத்தால் எண்ணும் நிரல் ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம் உயர்’ என்று கொண்டுவந்து நிறுத்தும். எழுத்து எதுவும் சிதையவில்லை, சொல் சிதைந்துவிட்டது. ஆகவே எழுத்து எல்லையைக் காப்பது மட்டும் போதாது, சொல் எல்லையையும் காக்க வேண்டும். இரண்டையும் காத்தால் ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம்…’ என்று கிடைக்கும். புள்ளிக்குறியோடு சேர்த்து 17 எழுத்து, கொடுத்த இடத்துக்குள் அடங்கிவிடும்.

சொந்தமாக எழுதும்போது

இதற்கு வழக்கமாக எழுதப்படும் நிரல் இப்படிப் போகும்: முதல் 20ஐ எடு; அதற்குள் கடைசி இடைவெளி எங்கே என்று தேடு; அதுவரை வைத்துக்கொள்; பின்னால் மூன்று புள்ளி ஒட்டு. தர்க்கம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்த நான்கு படிகளுக்குள் குறைந்தது நான்கு குழிகள் இருக்கின்றன.

முதலாவது, வரி ஏற்கெனவே 20க்குள் இருந்தால் எதையும் தொடக்கூடாது. இதைச் சோதிக்க மறந்தால் முழுமையான தலைப்புகூடக் கடைசிச் சொல்லை இழந்து நிற்கும்.

இரண்டாவது, சொல் மிகச் சரியாக எல்லையிலேயே முடியும் நிலை. ‘மேட்டூர் அணையின்’ என்பது 16 குறியெண். எல்லையை 16 என்று வைத்தால் இரண்டு சொல்லும் முழுசாக அடங்கும். ஆனால் நிரல் அந்த 16க்குள் கடைசி இடைவெளியைத் தேடி ‘மேட்டூர்’ என்பதோடு வெட்டிவிடும். இடம் இருந்தும் ஒரு சொல் வீணாகிறது. எல்லைக்கு அடுத்த இடத்தையும் சேர்த்துப் பார்த்திருந்தால் தப்பித்திருக்கும்.

மூன்றாவது, இடைவெளியே இல்லாத வரி. நீண்ட இணைய முகவரி வந்தால் இடைவெளியைத் தேடும் ஃபங்ஷன் வெறுங்கையோடு திரும்பும். பைத்தானில் அந்த வெறுங்கைக்கு −1 என்று பெயர். அதையே வெட்டும் இடமாகக் கொடுத்தால் ‘கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு எல்லாம்’ என்று மொழி புரிந்துகொள்ளும். 200 குறியெண் நீளமுள்ள முகவரி 199 ஆகும், பிழைச்செய்தி எதுவும் வராது. பிஎச்பியில் அதே இடத்தில் ‘பொய்’ என்ற மதிப்பு திரும்பி, பூஜ்யமாகக் கொள்ளப்பட்டு, வரி மொத்தமும் காணாமல் போகும்.

நான்காவது, ஒட்டப்படும் புள்ளிகளின் நீளம். 20இல் வெட்டிய பிறகு மூன்று புள்ளி சேர்த்தால் 23 ஆகிவிடுகிறது. கட்டுப்பாடு கடுமையாக உள்ள இடத்தில் இது பிழை.

இடைவெளியைத் தேடுவதற்குப் பதிலாக ‘ரெகுலர் எக்ஸ்பிரஷன்’ எனும் தேடல் வடிவத்தைப் பயன்படுத்துவோர் உண்டு. ‘சொல் எல்லை’ என்பதற்கு அதில் ஒரு குறி இருக்கிறது. தமிழுக்கு அது உதவாது. ஜாவாஸ்கிரிப்டில் அந்தக் குறிக்குச் சொல் என்றால் ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான். முழுத் தமிழ் வரியில் அது ஓர் எல்லையைக்கூடக் காணாது. பைத்தானில் நிலைமை நேர்மாறு. அதன் வழக்கமான ‘ஆர்இ’ நூலகம் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லின் பகுதியாகக் கொள்வதில்லை. ‘தமிழ்’ என்ற சொல்லைக் கொடுத்துச் சொற்களைப் பிரிக்கச் சொன்னால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டுகளைத் தரும். ஒன்றில் எல்லையே இல்லை, மற்றதில் எழுத்துக்கு எழுத்து எல்லை.

ஆயத்தமாகக் கிடைப்பவை

இந்தக் குழிகளில் விழுந்து எழுந்தவர்களின் அனுபவம்தான் ஆயத்த ஃபங்ஷன்களாகத் தேங்கியிருக்கிறது. ரூபி ஆன் ரெயில்ஸ் கட்டமைப்பின் ‘ட்ரங்கேட்’ ஃபங்ஷன் ஒரு நல்ல எடுத்துக்காட்டு. ‘இடைவெளியில் வெட்டு’ என்று அதனிடம் சொல்லலாம். ஒட்டப்போகும் புள்ளிகளுக்கு முதலிலேயே இடம் ஒதுக்கிக்கொள்ளும். எல்லைக்கு அடுத்த இடத்திலும் இடைவெளி உண்டா என்று பார்க்கும். இடைவெளியே இல்லாவிட்டால் எல்லையிலேயே வெட்டும். வரி சிறியதென்றால் தொடாது. மேலே சொன்ன நான்கு குழிகளும் சில வரி நிரலில் மூடப்பட்டுவிட்டன.

பைத்தான் 2014இல் வந்த 3.4 பதிப்பிலிருந்து ‘டெக்ஸ்ட்ராப்’ நூலகத்தில் ‘ஷார்ட்டன்’ என்ற ஃபங்ஷனைத் தருகிறது. வரிமுறிவுகளையும் இரட்டை இடைவெளிகளையும் முதலில் ஒற்றை இடைவெளியாக்கிவிட்டு, பின்னாலிருந்து முழுச் சொற்களாகக் கழித்துக்கொண்டே வரும். இடைவெளியை வைத்துப் பிரிப்பதால் தமிழ்ச் சொல்லைச் சிதைப்பதில்லை. வேர்ட்பிரஸ் பதிவுச் சுருக்கத்துக்கு இயல்பாக 55 சொற்களை எடுத்துக்கொள்கிறது. அதற்கான ஃபங்ஷன் எச்டிஎம்எல் குறிகளை முதலில் நீக்கிவிட்டுத்தான் சொற்களை எண்ணுகிறது. அப்படி நீக்காமல் வெட்டினால் தடித்த எழுத்தைத் தொடங்கும் குறி உள்ளே நின்று, முடிக்கும் குறி வெளியே போய், அதற்குக் கீழுள்ள பக்கம் முழுவதும் தடித்துவிடும்.

இவற்றுக்கு அப்பால் ஒரு பொது விதியும் இருக்கிறது. எழுத்து, சொல், வாக்கியம் ஆகியவற்றின் எல்லைகளை எப்படிக் காண்பது என்று யூனிகோடு அமைப்பு தனி ஆவணம் வெளியிட்டிருக்கிறது. பல குறியெண்கள் சேர்ந்தாலும் வாசகர் ஒரே எழுத்தாகக் காண்பதற்கு அந்த ஆவணம் தரும் எடுத்துக்காட்டுகளில் நம்முடைய ‘நி’யும் ஒன்று. இந்த விதிகளை ஐசியு என்ற திறமூல நூலகம் செயல்படுத்துகிறது. தாய்லாந்து, லாவோஸ், கம்போடிய, பர்மிய மொழிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி விடுவதில்லை. அவற்றுக்கு அகராதியைக் கொண்டு சொல் எல்லையைக் கண்டுபிடித்துத் தருகிறது. தனி ஒருவர் தன் நிரலுக்காக அமர்ந்து எழுதக்கூடிய வேலை இல்லை இது.

உலாவிகளுக்குள்ளும் இந்த வசதி வந்துவிட்டது. ஜாவாஸ்கிரிப்டின் ‘இன்டில் செக்மென்டர்’ கேட்டால் எழுத்தாகவும் கேட்டால் சொல்லாகவும் பிரித்துத் தரும். குரோம் 2020இலும் சஃபாரி 2021இலும் இதை ஏற்றன. 2024 ஏப்ரலில் ஃபயர்ஃபாக்ஸும் சேர்ந்தபோது முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இது கிடைத்துவிட்டது. தமிழ்ச் சொல்லை இது சிதைப்பதில்லை. எழுத்தாகப் பிரிக்கும்போது மட்டும் ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ போன்றவற்றை இரண்டாக எண்ணும். சொல் எல்லையில் வெட்டுபவருக்கு அதனால் தொல்லை இல்லை.

ஆயத்தமானதும் தவறும்

பெரிய கைகள் எழுதியது என்பதால் பிழையற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2015 மே மாதம் அரபி முதலான பல எழுத்துமுறைகள் கலந்த ஒரு குறிப்பிட்ட குறுஞ்செய்தி வந்தாலே ஐபோன் முடங்கி மறுதுவக்கம் ஆனது. அறிவிப்புப் பட்டையில் காட்டுவதற்காக அந்தச் செய்தியைச் சுருக்கும் கட்டத்தில்தான் கைபேசி தடுமாறியது. அந்தச் சுருக்கும் நிரலை எழுதியது ஆப்பிள் நிறுவனம், சுருக்கப்பட்டது ஒரே ஒரு செய்தி.

ஜாங்கோ கட்டமைப்பின் கதையும் இப்படித்தான். எச்டிஎம்எல் குறிகள் கெடாமல் சுருக்கித் தரும் அதன் ஃபங்ஷன்களில் 2019 ஆகஸ்டிலும் 2023 அக்டோபரிலும் 2024 மார்ச்சிலும் பாதுகாப்புக் குறைகள் அறிவிக்கப்பட்டன. தேடல் வடிவம் முன்னும் பின்னுமாக அலைந்து நேரத்தை விழுங்கும்படி வேண்டுமென்றே கட்டிய உரையை அனுப்பினால் சேவையகம் அதிலேயே சிக்கிக்கொள்ளும். ஒரே பகுதியில் ஐந்தாண்டுக்குள் மூன்று முறை குறை வெளிப்பட்டது.

இதைக் காட்டி ‘சொந்தமாகவே எழுதிக்கொள்ளலாம்’ என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். நான் இதிலிருந்து எதிர்முடிவுக்கே வருகிறேன். அந்தக் குறைகளைத் தேடிக் கண்டுபிடிக்க ஆள் இருந்தார்கள். அறிவிப்பு வெளியானது, திருத்தம் வந்தது, பதிப்பைப் புதுப்பித்த எல்லோருக்கும் ஒரே நாளில் அது போய்ச் சேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் உள்ளறையில் யாரோ எழுதிவிட்டுப் போன நான்கு வரியில் அதே குறை இருந்தால் அதைத் தேடுவார் இல்லை. தாக்குதல் நடந்த பிறகுதான் தெரியவரும்.

ஆயத்த ஃபங்ஷன் வேறொரு வகையிலும் நம்மைக் கைவிடக்கூடும். பைத்தானின் ‘ஷார்ட்டன்’ சொல்லைச் சிதைக்காது என்றேன். ஆனால் அது நீளத்தைக் குறியெண்ணால் எண்ணுகிறது. ஒட்டும் குறியாக அடைப்புக்குள் மூன்று புள்ளியை இடைவெளியோடு சேர்த்து 6 இடம் எடுத்துக்கொள்கிறது. மேட்டூர்த் தலைப்பை 20 என்ற எல்லையோடு கொடுத்தால் ‘மேட்டூர் [...]’ என்று மட்டுமே திரும்பும். எழுத்தால் எண்ணியபோது மூன்று சொல் கிடைத்த இடத்தில் ஒரு சொல்தான் மிஞ்சுகிறது. ஆங்கிலத்தை மனத்தில் வைத்துக் குறித்த எல்லையை அப்படியே தமிழுக்கு வைத்தால் தமிழ் வாசகருக்கு ஏறக்குறைய பாதிச் செய்திதான் போய்ச் சேரும். ஒட்டும் குறியையும் எல்லையையும் மாற்றிக்கொள்ள அந்த ஃபங்ஷன் இடம் தருகிறது. மாற்றிக் கொடுப்பது நம் பொறுப்பு.

தமிழில் எழும் இரண்டு சிக்கல்கள்

மேலே சொன்ன ஆயத்த ஃபங்ஷன்கள் கவனிக்காத சிக்கல்கள் இரண்டு இருக்கின்றன. ‘வைகை அணையைத் திறக்க உத்தரவு’ என்ற வரியை இரண்டாம் சொல்லோடு வெட்டினால் ‘வைகை அணையைத்…’ என்று நிற்கும். அந்தத் தகர ஒற்று அடுத்து வரும் ‘திறக்க’ என்ற சொல்லுக்காக மிகுந்தது. அந்தச் சொல்லே போனபின் ஒற்றுக்கு அங்கே வேலை இல்லை. இதற்கு ஒரு சிறு விதி போதும்: வெட்டிய சொல் க், ச், த், ப் ஆகியவற்றில் ஒன்றில் முடிந்து, விடுபட்ட சொல்லும் அதே மெய்யின் வரிசையில் தொடங்கினால் அந்த ஒற்றை நீக்கு. இரண்டு நிபந்தனையும் வேண்டும். முதலாவதை மட்டும் வைத்தால் ‘பேங்க்’, ‘கோச்’ போன்ற பிறமொழிச் சொற்கள் வால் இழந்துவிடும். இது யாரும் ஆயத்தமாகத் தரப்போகாத நிரல். தமிழ் தெரிந்தவர்தான் எழுத வேண்டும்.

இரண்டாவது சிக்கல் ஆழமானது. தமிழ் வாக்கியத்தின் முடிவு அதன் கடைசிச் சொல்லில் இருக்கிறது. ‘பள்ளிகளுக்கு நாளை விடுமுறை இல்லை’ என்பது இடைவெளிகளோடு 19 எழுத்து. 18இல் சுருக்கினால் ‘பள்ளிகளுக்கு நாளை விடுமுறை…’ என்று வரும். எழுத்து சிதையவில்லை, சொல்லும் சிதையவில்லை, செய்தி மட்டும் தலைகீழாகிவிட்டது. ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் வாக்கியத்தின் முன்பாதியிலேயே வந்துவிடுவதால் வாலை வெட்டினாலும் தப்பிக்கிறது. இல்லை, அல்ல, கூடாது, வேண்டாம், முடியாது என்று நம் மறுப்புகள் எல்லாம் வாலிலேயே இருக்கின்றன.

விடுபடும் பகுதியில் இந்தச் சொற்கள் இருந்தால் வெட்டாமல் இரண்டாம் வரிக்கு ஓடவிடு என்று நிரலில் சொல்லலாம். அது ஓரளவுக்குக் காக்கும். ‘வராது’, ‘திறக்கமாட்டார்கள்’ என்று மறுப்பு வினைக்குள்ளேயே புதைந்திருந்தால் இப்படியொரு சொற்பட்டியல் அதைப் பிடிக்காது. எனவே உடல்நலம், தேர்வு, வானிலை எச்சரிக்கை, அரசு அறிவிப்பு போன்றவற்றின் தலைப்பை நிரலிடம் வெட்டக் கொடுக்கவே கூடாது. பட்டியலில் காட்டுவதற்கென்று ஒரு குறுந்தலைப்பை ஆசிரியர் குழுவே எழுதி வைப்பதுதான் முறை.

எதை யாரிடம் விடுவது

எங்கெல்லாம் வெட்டலாம் என்று கண்டுபிடிப்பதை நூலகத்திடம் விட்டுவிட வேண்டும். அவற்றுள் எந்த இடத்தில் வெட்டுவது என்ற முடிவை நாம் எழுத வேண்டும். முதலாவது உலக மொழிகள் அனைத்துக்கும் பொதுவான, நுணுக்கம் மிகுந்த, மற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் சோதித்துத் தந்த வேலை. இரண்டாவது நம் மொழியையும் நம் வாசகரையும் அறிந்தவர் செய்ய வேண்டியது. சந்தி ஒற்றை நீக்குவதும் மறுப்பைக் காப்பதும் இந்த இரண்டாவதில் சேரும். இப்படிப் பிரித்துக்கொண்டால் சொந்த நிரல் பத்துப் பதினைந்து வரிக்குள் முடியும். படிக்கவும் சோதிக்கவும் எளிதாக இருக்கும்.

எல்லை வைக்கும்போது எதற்காக வைக்கிறோம் என்று கேட்டுக்கொள்வதும் அவசியம். தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றில் 70 குறியெண்தான் அடங்கும். அங்கே குறியெண்ணால் எண்ணுங்கள். கோப்பின் அளவுக்குக் கட்டுப்பாடு என்றால் பைட்டால் எண்ணுங்கள். வாசகர் கண்ணுக்கு என்றால் எழுத்தால் எண்ணுங்கள். திரை அகலம் மட்டுமே சிக்கல் என்றால் உரையை முழுதாக அனுப்பிவிட்டு, சிஎஸ்எஸ் கொண்டு உலாவியே மறைக்கும்படி விடலாம். முழு வரியும் பக்கத்தில் இருக்கும். எப்படிச் செய்தாலும் சேமிப்பில் மூல வரியை வெட்டாதீர்கள். காட்டும் இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

தமிழ்த் தளமோ செயலியோ உருவாக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிரலை வெளியிடுமுன் ஐந்து வரிகளைக் கொடுத்துப் பாருங்கள்: புள்ளியில் முடியும் சொல் கொண்ட வரி, இடைவெளியே இல்லாத நீண்ட வரி, எல்லையிலேயே சொல் முடியும் வரி, சந்தி ஒற்று உள்ள வரி, ‘இல்லை’ என்று முடியும் வரி. பைத்தான், ரெயில்ஸ், ஜாங்கோ, வேர்ட்பிரஸ், ஐசியு எல்லாமே திறமூலத் திட்டங்கள். யாரும் சோதனை வரிகளைச் சேர்க்கலாம், குறையைப் பதியலாம். அவற்றில் தமிழ் வரிகளைச் சேர்த்துவிட்டால் இனி எழுதப்படும் ஒவ்வொரு பதிப்பும் தமிழில் ஓடுகிறதா என்று சோதிக்கப்பட்ட பிறகே வெளிவரும்.